ரூபிக்கு எடுத்த ரத்தம்

மார்ச் 4, 1974. திங்கள். சித்தூர்

காலையிலேயே வெயில். ரூபிக்குக் காய்ச்சல் விட்டது. கிறிஸ்துமஸுக்கு அனாதை ஹோமிலிருந்து வந்தவள். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம், தத்துக் கையெழுத்து, அப்புறம் எங்கள் பிள்ளை.

ரத்தச் சீட்டு வந்தது. ஈரலுக்குப் பார்க்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் 22. பக்கத்தில் அச்சில் 'நார்மல் 3–13'. மற்றதெல்லாம் சரி. இவருடைய அக்கா எஸ்தர் முகத்தைச் சுளித்து இவரிடம் சொன்னாள்: "ஈரலு கெட்ட புள்ளடா. யார் பெத்ததோ! கையெழுத்துப் போட்டுட்டு அப்பால அழுதுகினு நிக்காத."

கண் வெள்ளை. மூத்திரம் மஞ்சளில்லை. கேழ்வரகுக் கூழ் ஒரு கிண்ணம் காலி. நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கிறாள், கழுதை. இதுவா நோய்?

சனிக்கிழமை திருப்பதி டாக்டரிடம் காட்டலாம் என்றேன். இவரும் சரி என்றார்.

வாங்க: சோப்பு, மண்ணெண்ணெய், ரூபிக்குப் பவுடர்.

மார்ச் 7. வியாழன்

பாலசமுத்திரத்தில் பரீட்சை வேலை முடிந்து வீடு. கால் வீக்கம். தூளி அவிழ்த்து மடித்து வைத்திருந்தது.

"ரூபி எங்க?"

"நேத்தே ஹோம்ல உட்டுட்டேன். நீ இருந்தா உட்டிருப்பியா?"

இவர் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. நான் ஊருக்குப் புறப்பட்டபோது பஸ் வரை அவளைத் தூக்கி வந்து டாட்டா காட்ட வைத்தவர். அப்போதே முடிவு பண்ணிவிட்டார், பாவி. அக்காவும் தம்பியும் சேர்ந்து என் கழுத்தை அறுத்துவிட்டார்கள். சோறு ஆக்கவில்லை.

மார்ச் 8. வெள்ளி

லீவு. சீட்டுடன் திருப்பதி, தனியாக. ஹோமில் இவரும் வந்து கேட்டால்தான் தருவார்கள். இவர் வாயை அடைக்க டாக்டர் சொல் வேண்டும்.

டாக்டர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "இது பெரியவங்க அளவும்மா. வளர்ற எலும்புலேர்ந்தும் இது ரத்தத்துல வரும். பசங்களுக்கு ஜாஸ்தியாத்தான் இருக்கும். ஈரலுக்கு ஒண்ணும் இல்ல. பாப்பா எங்க? கூட்டிகினு வரலியா?"

அதையே சீட்டில் எழுதித் தரச் சொன்னேன்.

மார்ச் 9. சனி

இவரை இழுத்துக்கொண்டு புத்தூர் ஹோம். மேட்ரன் அம்மா கையைப் பிசைந்தார். "நேத்து சாயங்காலமே நாயுடுபேட்டைக்காரங்க எடுத்துகினு போயிட்டாங்கம்மா. ரொம்ப நாளா ஒரு புள்ளைக்குக் காத்துகினு இருந்தாங்க."

"ரத்தம் பாத்தாங்களா?"

"ஒண்ணும் கேக்கலம்மா. தூக்கினாங்க. சிரிச்சுது. அவ்ளோதான்."



திரும்பும்போது பஸ்ஸில் இவர்: "உடு. வேற குழந்த பாக்கலாம். இந்த வாட்டி மொதல்லயே ரத்தம் பாத்துடலாம்."

எழுந்து வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.