கிழவரின் நெற்றியில் திருநீறு

14 ஜூன் 1996, வெள்ளி

முதியோர் இல்லத்தில் நான் குளிப்பாட்டும் ஐரோப்பியக் கிழவர் வெள்ளிக்கிழமைகளில் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, தனக்கும் திருநீறு கேட்டுப் பூசிக்கொள்வார். இன்றும் கேட்டார். கேட்டுவிட்டு, நாஜிகள் தன் ஊருக்கு வந்த கதையைச் சொன்னார். "நான் ஒருவரையும் கொல்லவில்லை, மகளே. யூதர்களின் வீடுகளைக் காட்டினேன், அவ்வளவுதான்." பிறகு நெற்றியை நீட்டினார். பூசிவிட்டேன். ஏன் பூசினேன்?

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் கும்பலுக்கு எங்கள் வீட்டைக் காட்டிய பக்கத்து வீட்டுக்காரரும் தன் கையால் நெருப்பு வைக்கவில்லை. அப்பா உள்ளே இருந்தார்.

இங்கே பென்ரோஸ் பக்கம் வேலைக்குப் போய் வந்த கணவரிடம் சொல்லி அழுதேன். "விசா வருமட்டும் ஒண்டும் கதையாதையும், வேலை போயிடும்," என்கிறார்.

நாளையும் கிழவரை நான்தான் குளிப்பாட்ட வேண்டும். தண்ணீரின் சூட்டைக் கையில் பார்த்துத்தான் ஊற்றுவேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இப்போது வயதாகியிருக்கும். அவருக்கும் யாரோ ஒருத்தி இப்படிச் சூடு பார்த்துத்தான் ஊற்றுவாள்.