சாணித் தண்ணீருக்குள் கிடக்கும் ஹோஸ்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். அம்மாவின் கால்முட்டு வலி குறைந்ததா? மஸ்கட்டில் நான் சுகம்.

இங்கே நாங்கள் குழாய் வேலை பார்க்கும் ஒரு வில்லாவில், புல்தரைக்குத் தெளிக்கும் உரத்தண்ணீர் அடுக்களைக் குழாயில் வந்தது. தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் வால்வு கெட்டுவிட்டது. புது வால்வோடு வெயில் தாங்கும் செம்புக் குழாய் கேட்டேன். மேஸ்திரி சத்தியராஜ் நம் உதியன்குளங்கரைக்காரர்தான். "எலே, பிவிசியே தாராளமாக்கும். நீ எனக்குப் படிச்சுத் தர வேண்டாம்" என்றார். ஒரு மாத வெயிலில் அது நேற்று வெடித்தது. எனக்கு அடிபடவில்லை, குளியல் மட்டும். ஏச்சும் எனக்கேதான்.

நீங்களும் அவரைப் போலத்தான். டிரம்மில் வாழைக்குச் சாணி கரைக்கும்போது ஹோஸை உள்ளேயே போட்டுவிட்டு மோட்டாரை நிறுத்துகிறீர்கள். கிணற்றுக்குள் குழாய் நுனியில் இருக்கும் புட்வால்வு ஒழுகுவதால் சாணித் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கும். சொன்னால், "இத்தற காலம் ஒண்ணும் ஆவல்லயே மக்கா" என்பீர்கள். அம்மா குடிக்கிற தண்ணீர் அப்பா அது!

பாறசாலையில் பித்தளை வால்வு வாங்கி மாட்டுங்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, மோட்டாரை நிறுத்தும்போது போனைக் குழாயருகே பிடியுங்கள். தண்ணீர் திரும்பினால் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். திரும்பாவிட்டாலும் உடனே வைத்துவிடாதீர்கள். அம்மா பாத்திரம் கழுவுவது கேட்கட்டும்.

வேலைக்குக் கூட்டிப் போகும் வண்டி ஹார்ன் அடிக்கிறது.

மகன் வினீத்