அம்மா ரூமுக்கு விலை

பாப்பாவோட அப்பாவுக்கு,

போன்ல பேசினா கத்திடுவேன், பக்கத்துல உங்கம்மா இருக்காங்க. அதனாலதான் எழுதுறேன்.

வீட்டை ஒட்டின அம்மா ரூமுல கூரை ஒழுகுது, கொத்து வேலை மேசன் பாஸ் வருவாருன்னு கட்டார்ல இருந்து சொன்னீங்க. வந்தவரு கூரையைப் பாக்கவே இல்ல. நேரா அம்மாவோட அடுப்படியை இடிக்க ஆரம்பிச்சிட்டாரு. "என்ன பாஸ் இது?"ன்னு கேட்டேன். "டூரிஸ்ட் ரூமா மாத்தணுமாம். அப்பதான் லோன் கேக்குறப்ப பேங்க்ல வீட்டுக்கு அதிக விலை போடுவாங்களாம். கட்டார் அண்ணன்தான் போன்ல சொன்னாரு"ங்குறாரு.

அம்மா வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. சேலையெல்லாம் ஒரு பையில அடுக்கிட்டு வந்து, "மஸ்கெலியா பஸ் எப்ப மகளே? தங்கச்சி வீட்டுல இருந்துக்கிறேன்"னாங்க. தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சு ஓய்வானப்ப கெடச்ச காசுல அவங்களே கட்டின ரூமுங்க அது!

பையைப் பிடுங்கி உள்ள வச்சேன். பாஸைப் போகச் சொல்லிட்டேன். மறுநாள் பேங்க்ல இருந்து விலை மதிக்க வந்த ஆபீசர் மாத்தயா, "இங்க யாரு இருக்கா?"ன்னு சிங்களத்துல கேட்டாரு. "என் மாமி. எப்பவும் இங்கதான் இருப்பாங்க"ன்னேன். அப்படின்னா வீட்டு விலை ஏறாதுன்னாரு. ஏற வேணாம்னு சொல்லிட்டேன்.

இடிச்ச தூசிக்குள்ள அவங்களப் படுக்க வைக்க முடியுமா? இப்ப நம்ம கட்டில்ல என் பக்கத்துலதான் தூங்குறாங்க. அதுலயும், "அவன்கிட்ட கோவிச்சுக்காத மகளே"ங்குறாங்க. அதைக் கேட்டாத்தான் எனக்குக் கோவம் இன்னும் கூடுது.

அவங்கள அனுப்பணும்னா டிக்கெட் போட்டு வாங்க. வந்து, அவங்க மொகத்தைப் பாத்து நீங்களே சொல்லுங்க.

கோபம் ஆறாத
உங்க சம்சாரம்