பால் பவுடர் டின்னில் வந்த நெருப்பு

பாப்பா அப்பா,

டென்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வந்ததும் முதல்ல இதைப் படிங்க. உங்க போன் சார்ஜ்லயே கிடக்கு, அதான் சீட்டு.

செடிக்குப் போடலாம்னு காட்டுல நேத்து ராத்திரி நாம மூட்டின நெருப்புல இருந்து சாம்பலும் கரியும் பால் பவுடர் டின்ல அள்ளிட்டு வந்தேன்ல? இப்பதான் தொட்டியில கொட்டினேன். உள்ளே கங்கு செக்கச்செவேல்னு கிடக்கு!

காலையில கிளம்பும்போது நீங்க, "இன்னும் ரெண்டு கேன் தண்ணி ஊத்தி, கிளறி, கையை வெச்சுப் பாக்கணும்"னு சொன்னீங்க. நான்தான், "மண்ணைப் போட்டு மூடியாச்சுல்ல, நெருப்புக்குத் தாலாட்டுப் பாடிட்டா வரணும்?"னு கத்தினேன். டின்லயே இப்படின்னா அந்தக் குழியில என்ன இருக்கும்? வெளியே காத்து வேற அடிக்குது.

வனத்துறை ஆபீசுக்குச் சொல்லிட்டேன், ஆள் அனுப்புறாங்க. ஆனா மண்ணு மூடின குழி எதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நானேதான் காட்டணும். நாலு கேன் தண்ணியோட கார்ல போறேன். இந்தத் தடவை கையை வெச்சுப் பாக்காம வரமாட்டேன்.

பாப்பா மாடி வீட்டு டீச்சர்கிட்ட இருக்கா. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.

காலையில வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் கார்ல ஏதோ கருகுற வாடை அடிச்சுது. உங்ககிட்ட பேசக் கூடாதுங்கிற வீம்புல வாயை மூடிக்கிட்டு வந்தேன். நீங்களும்தான் கேக்கல.

பி.கு.: பாப்பா செருப்பைத் தேடாதீங்க, அடி உருகிடுச்சு. டின் மேல காலை வெச்சுக்கிட்டே தூங்கியிருக்கா. கால்ல ஒண்ணுமில்ல, மூணு தடவை பாத்துட்டேன். நீங்களும் ஒரு தடவை பாருங்க.