ராட்டினத்துக்குக் கீழே நிற்க ஒரு லென்ஸ்

மச்சான்,

மதுரையில் ஒரு கேமரா கடை. கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த புத்தம்புது லென்ஸை வாங்கி, மூடியைக் கழற்றி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நன்றாக இழுத்து மோந்து பார்த்துவிட்டேன். விற்கிற பெண், "சார், அது சென்ட் பாட்டில் இல்ல சார்" என்றாள். கூட வந்திருந்த என் மகள், வழியில் போகிற யாரோ ஓர் ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டுகள் அடுக்கியிருந்த மூலைக்கு நகர்ந்துவிட்டாள்.

என்ன செய்ய? நீ பழக்கிவிட்ட பழக்கம். "உப்புக்காத்துல கெடக்குற லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சா, கண்ணுக்கு முந்தி மூக்குக்குத் தெரியும்டா மாப்ள" என்பாய். இது புதுசு என்று புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பூஞ்சை வாசமும் இல்லை. ரப்பரும் அட்டைப்பெட்டியும் கலந்த வாசம். வெளிநாட்டு வேலையிலிருந்து லீவில் வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரிப்பாயே, அப்போது உங்கள் புதுமடம் வீடு முழுக்க அடிக்கும் வாசம். அதனால்தான் கொஞ்சம் கூடுதலாகவே மோந்துவிட்டேன் போல.

கேமரா உன்னுடையதுதான். கடைசியாகப் புறப்பட்டபோது, "வச்சிரு மாப்ள, அடுத்த லீவுல வாங்கிக்கிறேன்" என்று என் ஜெராக்ஸ் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். அந்த லீவு வரவில்லை. அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேசனுக்குள் போனவன் திரும்பவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே கேமரா நன்றாக இருக்கிறது. அதோடு கொடுத்த லென்ஸுக்குள் மட்டும் பூஞ்சை வேர்விட்டுவிட்டது. அதில் எடுத்தால் ஆள் எல்லாம் பனிமூட்டத்தில் நிற்கிறார்கள்.

புது லென்ஸுக்கு இப்போது என்ன அவசரம் என்கிறாயா? மகள் பத்தாவது பாஸ். அவளுடைய அப்பன் இரண்டு தடவை முட்டியும் திறக்காத கதவு. பாஸானால் மதுரைப் பக்கம் இருக்கிற பெரிய தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவதாக வாய் விட்டிருந்தேன். அவள் சிநேகிதி ஆயிஷாவும், ஆயிஷாவின் அம்மாவும் வருவதாகப் பேச்சு. "அப்பா, நீங்களும் எல்லாத்துலயும் ஏறணும்" என்றாள். "நான் ஏறிட்டா ஒங்கள யாரு படம் எடுக்குறது?" என்றேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் லென்ஸ்.

கடைப் பெண் இரண்டு லென்ஸ் வாங்கச் சொன்னாள். கூட்டமாக நிற்பவர்களை எடுக்க ஒன்று, தூரத்தை இழுக்க ஒன்று, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமாம். மாற்றுவதா! கல்யாணப் படம் எடுக்கப் போய், அரியமான் கடற்கரையில் கடலாடி ஊர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிற்க வைத்துவிட்டு நாம் லென்ஸ் மாற்றியது ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு காற்று. கேமராவுக்குள் போன மணல், அடுத்து எடுத்த படத்தில் எல்லாம் கரும்புள்ளியாக உட்கார்ந்துகொண்டது. வானத்தில் புள்ளி, படகில் புள்ளி, ஆல்பத்தின் முதல் படத்தில் மாப்பிள்ளை கன்னத்தில் புள்ளி. பெண்ணின் அம்மா ஆல்பத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்தப்ப மருமகனுக்கு இந்த மச்சம் இல்லையே" என்றார். நீ கொஞ்சமும் அசையாமல், "கல்யாணக் களைம்மா" என்றாய்.

அந்த நாளிலிருந்து உன் சட்டம் ஒன்றுதான். வெளியே போனால் ஒரே லென்ஸ், வீடு வரும்வரை கழற்றக் கூடாது. பார்க்கிலோ ஒரு பக்கம் தண்ணீர் தெறிக்கும், ஒரு பக்கம் புழுதி. ஒன்று போதும் என்றதும் கடைப் பெண், பதினெட்டு மில்லிமீட்டரிலிருந்து நூற்று முப்பத்தைந்து வரை போகிற லென்ஸ் ஒன்றையும், பதினெட்டிலிருந்து முன்னூறு வரை போகிற ஒன்றையும் எடுத்து வைத்தாள். எண் ஏற ஏறத் தூரம் கிட்டே வரும். முன்னூறு கனம்; கழுத்து வலிக்கும். இருட்டு அறை விளையாட்டில் படம் ஆடிவிடும் என்று அவளே ஒப்புக்கொண்டாள். "எல்லாத்துக்கும் ஆகுற லென்ஸு எதுக்கும் முழுசா ஆகாது, ஆனா நேரத்துக்குக் கையில இருக்கும்" என்று நீ சொன்னது காதில் கேட்டது. முன்னூறையே எடுத்தேன். படத்தின் அழகு அப்புறம். எவ்வளவு தூரம் தள்ளி நிற்கலாம் என்பதுதான் என் கணக்கு.

ராட்டினம் என்றால் எனக்கு என்ன ஆகும் என்பதை நீ ஒருவன்தான் பார்த்திருக்கிறாய். ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு திருவிழா சமயம். மீசை முளைத்த பிறகும் உன் கைலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உச்சியில் நின்றதும் கீழே விளக்கெல்லாம் சுற்றியது. கத்தவும் குரல் வரவில்லை. "கீழ பாக்காதடா. என் மூஞ்சியப் பாரு" என்றாய். பார்த்தேன். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். இறங்கும்வரை அந்தப் பல்லையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

பார்க்கில் காலையெல்லாம் என் பொய் நன்றாகத்தான் ஓடியது. மத்தியானத்துக்கு மேல் மகளும் ஆயிஷாவும் பெரிய ராட்டினத்தில் ஏறினார்கள். திறந்த இருக்கை, குறுக்கே ஒரு கம்பி. அவர்கள் உச்சிக்குப் போன நேரம் பாட்டு நின்றது, பிறகு ராட்டினமும் நின்றது. "கரண்டு போச்சு, ஜெனரேட்டர் போடுறோம், யாரும் பயப்படாதீங்க" என்று ஓர் ஆள் கையைக் குவித்துக் கத்தினான். பயப்படாதே என்று ஒருவன் கத்தினால் அப்புறம் பயப்படாமல் என்ன செய்வது? காற்றில் அந்த இருக்கை முன்னும் பின்னும் ஆடியது.

லென்ஸை முன்னூறுக்குத் திருகினேன். மகளின் முகம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. உதடு வெளுத்திருந்தது. ஆயிஷா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தாள், கன்னமெல்லாம் ஈரம். ஆயிஷாவின் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அண்ணே, அதுல தெரியுதா? எம்புள்ள என்ன செய்யுது?"

"சிரிக்குதும்மா."

"அல்லா! இங்கன குடுங்கண்ணே, நானும் பாக்குறேன்."

"ஆட்டுனா தெரியாதும்மா" என்றேன். ஆடிக்கொண்டிருந்தது என் கைதான்.

அப்போது மகள் கம்பிக்கு மேலே எட்டிக் கீழே பார்த்தாள். எட்டாதத்தா, எட்டாத என்று உள்ளுக்குள்ளேயே கிடந்து துடிக்கிறேன். அவள் கண் கூட்டத்தில் ஒவ்வோர் ஆளாகத் தேடியது. என் மேல் வந்தது, நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போனது. மறுபடியும் வந்தது, மறுபடியும் தாண்டிப் போனது. இன்னும் கொஞ்சம் எட்டினாள். அப்பன் எதிரே நிற்கிறான், ஏன் தெரியவில்லை? அப்புறம்தான் உறைத்தது. அப்பன் முகம் எங்கே இருக்கிறது? கழுத்துக்கு மேலே கேமராதானே இருக்கிறது.

இறக்கினால் அவள் எனக்குத் தெரியமாட்டாள். அந்த உயரத்தில் ஒரு பொட்டுதான். கம்பியைப் பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா, எதுவும் தெரியாது. அந்த முகத்தை விட எனக்கு மனசு வரவில்லை மச்சான். ஆனாலும் இறக்கினேன். கையை உயர்த்தி வீசினேன். பிறகு, உன்னைப் போல, இருக்கிற பல்லை எல்லாம் காட்டிச் சிரித்தேன். வானத்தைப் பார்த்து ஈ என்று இளித்துக்கொண்டு ஒருவன் நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற குழந்தை அழுதுவிட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது. மேலே அந்தப் பொட்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தது மட்டும் தெரிந்தது. ஜெனரேட்டர் உறுமியது. ராட்டினம் நகர்ந்தது.

இப்போதும் அந்த லென்ஸ் உன் கேமராவில்தான் இருக்கிறது, கழற்றவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைக்கிறேன். பார்க்கில் எடுத்த படங்களை மகள் போனில் ஏற்றிக்கொண்டாள். உச்சியில் நின்ற நேரத்துக்கு மட்டும் படமே இல்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேனே தவிர, விரல் பொத்தானுக்குப் போகவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள். "மேல நின்னுபோனப்ப ஒங்களுக்குப் பயமா இல்லையாப்பா? பல்லக் காட்டிக்கிட்டே நின்னீங்க."

"எனக்கென்னத்தா பயம்? நாந்தான் கீழ நின்னேனே" என்றேன். நம்பிவிட்டாள்.

உன் ஆபரேசனுக்கு முந்தின நாள் வீடியோவில் கூப்பிட்டாய். தலைமாட்டில் ஏதோ மிஷின் கத்திக்கொண்டிருந்தது. "நோயாளி மாதிரியாடா இருக்கேன்? என் மூஞ்சியப் பாரு" என்று அத்தனை பல்லையும் காட்டினாய். போன் உன் கையில் ஆடிக்கொண்டே இருந்தது. சிக்னல் சரியில்லை என்று நீ சொன்னாய், ஆமாம் என்று நானும் சொன்னேன். மாப்பிள்ளை மச்சத்தைப் பேசிச் சிரித்தோம். பஸ்ஸில் மகள் கேட்ட அதே கேள்வி அன்றைக்கு என் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

உனக்குப் பயமா இருக்கா மச்சான்?