பேட்டரி ஏன் இறங்குகிறது என்றால்

என்னங்க,

கடையைத் திறக்கணும், பஸ்ஸுல கிளம்பிட்டேன். உங்க சொகுசு கார் இன்னிக்கும் ஸ்டார்ட் ஆகலை. நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்க, எழுப்ப மனசு வரலை. சார்ஜர் மாட்டியிருக்கேன். பச்சை விளக்கு எரியிற வரைக்கும் கழட்டாதீங்க. அதுக்கப்புறமும் சாவி இல்லைன்னு திரையில காட்டினா பதறாதீங்க. சாவிக்குள்ள இருக்கிற குட்டி பேட்டரி தீர்ந்திருக்கும். சாவியை ஸ்டார்ட் பட்டனோட ஒட்டி வெச்சு அமுக்குங்க, எடுத்துக்கும்.

மெக்கானிக்குக்கு போன் பண்ணினேன். "வண்டியில ஒரு கோளாறும் இல்லம்மா. யாரோ இன்ஜினைப் போடாம உள்ள உக்காந்து மணிக்கணக்கா பாட்டு கேக்குறாங்க"ன்னார். யாருன்னு தெரியலையேன்னு சொல்லி வெச்சேன்.

சண்டை வந்தா நீங்க எங்க போய் உக்காருவீங்கன்னு எனக்குத் தெரியாதா? இந்த மாசம் நாம போட்ட சண்டைக்கு எந்த பேட்டரிதான் தாங்கும்?

யானையைக் கட்டித் தீனி போடுறோம்னு நேத்து நான் சொன்னது தப்புதான். நீங்க ஆசைப்பட்டு வாங்கின வண்டி. ஆனா அதைத் தினமும் துடைக்கிறது யாருன்னும் கொஞ்சம் யோசிங்க.

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க, அப்படியே விழுங்காதீங்க.

இன்னொண்ணு. அடுத்த தடவை கோவிச்சுக்கிட்டுப் போனா, பக்கத்து சீட்டுக் கதவைப் பூட்டாதீங்க. நேத்து நானும் வந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். பாட்டுச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை.