சுவர்ணமுகியைக் கடந்தவன் நான் அல்ல

சித்தூர்,
9 ஜூலை 1932.

கர்த்தருக்குள் பிரியமான மகன் எர்னஸ்டுக்கு, நாங்கள் இருவரும் அவர் கிருபையால் சுகம், குடகு மழையில் உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை.

காப்பித் தோட்டத்துச் சிநேகிதர் மூவரோடு, பரிசல்காரர் துணையில்லாமல், அடுத்த மாதம் காவேரியின் பாறைச்சுழிகளில் பரிசலில் நீங்களே துடுப்புப் போட்டு இறங்கப்போவதாக எழுதியிருந்தாய். சுவர்ணமுகி வெள்ளத்தைத் தனியாகக் கடந்தவரின் பிள்ளைக்கு ஆறு பயமா என்றும் கேட்டிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகனே, அந்த ஆற்றை நான் கடக்கவில்லை. உனக்கு மூன்று வயதிருக்கும்போது, சந்திரகிரிப் பக்கம் ஒரு ஞானஸ்நானம் கொடுக்கப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். தண்ணீர் வடியட்டும் என்று பரிசல்காரர் திருவேங்கடம் எவ்வளவோ சொன்னார், நான் கேட்கவில்லை. நடு ஆற்றில் பரிசல் சுழன்றதும் பயந்து எழுந்து நின்றுவிட்டேன், அது கவிழ்ந்தது. அவர் என் தலைமுடியைப் பிடித்து அக்கரைக்கு இழுத்துவந்தார், அதில் பாறை இடித்து அவர் கால் முறிந்தது. திருப்பதிக் கடைத்தெருவில் கோலூன்றி நின்று புளி விற்பாரே, உனக்கு மாங்காய் கொடுப்பாரே, அவர்தான். மரத்திலிருந்து விழுந்தவர் என்று உன்னிடம் பொய் சொன்னேன். நான் தனியாக நீந்திக் கடந்தேன் என்று எண்ணிச் சபையார் என்னை வீரன் என்று மெச்சியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன், பிறகு நானே அப்படிச் சொல்லப் பழகிவிட்டேன்.

முந்தாநாள் ரயிலேறிப் போய் அவரிடம் உன் யோசனையைச் சொன்னேன். பழையதை அவர் எடுக்கவே இல்லை. புளியை நிறுத்துக்கொண்டே, "நொரை வெள்ளையா எழும்புற எடத்துல அடியில கல்லு கீது பாதிரி ஐயரே. மொதல்ல கரையோட நடந்து பாத்துக்கினு வரச் சொல்லு. அந்த ஊர் பரிசல்காரன் ஒருத்தன் கூட இருக்கட்டும். ஆடுனா எழுந்து நிக்கக் கூடாது" என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை எழுதி உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இருபத்தோரு வருஷமா அந்த மனுஷன ஒருநாள் நம்ம வூட்ல சோறு துன்னக் கூப்டீங்களா?" என்று கேட்டாள்.

போகாதே என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் என் பேச்சை நம்பி மட்டும் இறங்காதே, அவர் சொன்னபடி செய். கர்த்தர் உன் காலைக் காப்பாராக. கம்பளிச் சட்டையை நனையவிடாதே, கிறிஸ்மஸ் லீவுக்கு இப்போதே எழுதிப்போடு. திருவேங்கடத்தைப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு அழைக்கப் போகிறேன், வருவாரோ தெரியாது. வந்தால் நீ அவர் பக்கத்தில் உட்கார்.

உன் தகப்பன்,
ஜெபதாஸ்